டேங்க் ஃபுல் பண்ணினால் மட்டும் வண்டி மிஸ் அடிக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவச் சொல்கிறார்கள், செய்யலாமா?

உடுமலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 80 ஆயிரம் கிலோமீட்டரை நெருங்குகிறது. உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வருவது இதில்தான். மற்ற நேரத்தில் ஒரு குறையும் கிடையாது. பெட்ரோல் போட்ட உடனே மட்டும்தான் தகராறு.

டேங்க் ஃபுல் பண்ணிவிட்டு சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பிடிக்கும். பிடித்த பிறகும் ஐடிலிங் நிற்காது. ஆர்.பி.எம். முள் 500-க்கும் 900-க்கும் நடுவே ஆடும், ஸ்டீயரிங் வரைக்கும் உதறும், காலை எடுத்தால் ஆஃப். சைலன்சர் பக்கம் பச்சையாகப் பெட்ரோல் வாடை வரும். பங்க்கை விட்டு ரோட்டில் ஏறி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் தானாகவே சரியாகிவிடும். மறுநாள் காலையில் ஒரே செல்ஃப்தான்.

இன்னும் நான் கவனித்தவை: 500 ரூபாய்க்குப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மத்தியான வெயிலில் போட்டால் அதிகம். உடுமலை, பொள்ளாச்சி, கோவை பைபாஸ் என்று வேறு வேறு கம்பெனி பங்க்குகளில் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் இதே கதை. எங்கே போட்டாலும் நாசில் தானாக நின்ற பிறகு ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி விடுகிறார்கள்.

ஒரு பட்டறையில் பிளக் நாலையும் மாற்றி, த்ராட்டில் பாடியைக் கழுவிக் கொடுத்தார்கள். மாற்றம் இல்லை. அப்புறம் செக் லைட் எரிந்தது. ஸ்கேனர் போட்டதில் பி0172 என்று வந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். இன்னொரு பட்டறையில் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, இறக்கிக் கழுவ வேண்டும் என்கிறார்கள். இரண்டுமே செலவு பிடித்த வேலை.

எனக்குக் கவலை என்னவென்றால், மறையூரில் அக்கா வீடு இருக்கிறது. ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் காட்டு ரோடு, யானை குறுக்கே வருகிற இடம். அங்கே போவதென்றால் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நிரப்பினால் வண்டியை நம்ப முடியவில்லை. எதை முதலில் செய்வது?

---

ஐந்தாம் கியர்:

எனக்கு ஈ20 மேல்தான் சந்தேகம். இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது, உங்கள் வண்டி அதற்கு முந்தைய காலத்தது. என் பழைய வண்டியில் மைலேஜ் நன்றாகவே குறைந்தது. எந்த பங்க் மாற்றினாலும் ஒரே மாதிரி இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். எத்தனால் கலக்காத பிரீமியம் பெட்ரோல் கிடைத்தால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

---

சூலூர் பட்டறை:

வணக்கம்ங்க. பெட்ரோல் வண்டி வேலைதான் எனக்குத் தொழில், இந்தக் கோளாறோடு வருகிற வண்டியை அடிக்கடி பார்க்கிறேன். இப்போதைக்கு டேங்கை இறக்க விடாதீர்கள். சென்சாரும் வாங்க வேண்டாம். கோளாறு எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் போகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

பங்க்கில் போட்ட பெட்ரோல் அந்த நிமிஷமே எஞ்சினுக்குப் போய்ச் சேர்வதில்லை. டேங்கிலிருந்து வருகிற பைப், ஃபில்டர், இன்ஜெக்டர் ரெயில் எல்லாவற்றிலும் பழைய பெட்ரோல் நிற்கும். அது தீர்ந்தால்தான் புதுசு வரும். ஐடிலிங்கில் நின்றால் அதற்குச் சில நிமிஷம் ஆகும், ஓட்டினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆகும். பெட்ரோலில் தண்ணீரோ கலப்படமோ இருந்தால் வண்டி பங்க்கில் ஒழுங்காகப் பிடித்து, கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, அதற்கப்புறம்தான் மிஸ் அடிக்க ஆரம்பிக்கும். அந்தப் பெட்ரோல் தீரும்வரைக்கும் விடாது. உங்கள் வண்டி போட்ட இடத்திலேயே திணறுகிறது, புதுப் பெட்ரோல் எஞ்சினுக்கு வந்து சேருகிற நேரத்தில் நன்றாக ஓடுகிறது. அதனால் பெட்ரோல் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கணக்கு, பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது.

டேங்கில் எப்போதும் பெட்ரோல் ஆவி இருக்கும். அதைக் காற்றில் விடக் கூடாது என்பதற்காகக் கரித்துண்டு நிரப்பிய ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள், கேனிஸ்டர் என்போம். ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடாகி ஓடும்போது ஈ.சி.யூ. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைத் திறந்து திறந்து மூடி, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக, எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயான மேனிஃபோல்டுக்குள் இழுத்து எரித்துவிடும். கரண்ட் வராத நேரத்தில் ஸ்பிரிங் அந்த வால்வை மூடியே வைத்திருக்க வேண்டும். உள்ளே கரித்தூளோ அழுக்கோ மாட்டிக்கொண்டால் மூடாது.

இப்போது டேங்கில் 30 லிட்டர் பெட்ரோல் இறங்குகிறது என்றால், அங்கே ஏற்கனவே இருந்த 30 லிட்டர் ஆவி கலந்த காற்று எங்காவது போயாக வேண்டும். பெரும்பகுதி ஊற்றுகிற வாய் வழியாக வெளியே வரும், மீதி கேனிஸ்டருக்குப் போகும். வெயிலில் ஆவி இன்னும் அதிகம். வால்வு திறந்து கிடந்தால் அது அப்படியே மேனிஃபோல்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டரும் தன் பங்குக்குப் பெட்ரோல் விடும். காற்று போதாது, எஞ்சின் பிடிக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிடிப்பது கூடுதல் காற்று கிடைப்பதால்தான். பல வண்டிகளில் முழுசாக மிதித்துச் செல்ஃப் அடித்தால் ஈ.சி.யூ. இன்ஜெக்டரையே நிறுத்தி வைக்கும், எஞ்சினுக்குள் தேங்கியது காலியாகட்டும் என்று. கொஞ்ச தூரம் ஓடியதும் தேங்கிய ஆவி எரிந்து தீர்ந்துவிடுகிறது, நீங்கள் சொல்கிற ஒரு கிலோமீட்டர் அதுதான். 500 ரூபாய்க்குப் போடும்போது தள்ளப்படுகிற ஆவி குறைவு.

பி0172 வந்ததும் இதனால்தான். கலவையில் பெட்ரோல் அதிகம் என்று ஆக்ஸிஜன் சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிவது எனக்கு மனசு ஒப்பாத வேலை. இந்த ஒரு பி0172-ஐ மட்டும் வைத்துக்கொண்டு சென்சார் மாற்றி, அப்புறம் அதே கோளாறோடு என்னிடம் வருகிற வண்டிகளைப் பார்க்கும்போது வண்டிக்காரர் பணத்தை நினைத்து வருத்தமாக இருக்கும்.

சோதிப்பது சுலபம்ங்க. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திறங்கள். இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, இரண்டு ஹோஸ், இரண்டு பின் வயர் கப்ளரோடு ஒரு வால்வு இருக்கும், அதுதான் பர்ஜ் வால்வு. கப்ளரை உருவிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். டேங்க் பக்கமிருந்து வருகிற ஹோஸை வால்விலிருந்து கழற்றி, வால்வில் அது மாட்டியிருந்த முனையில் விரலை வையுங்கள். கரண்ட் இல்லாத வால்வில் இழுவை இருக்கவே கூடாது. விரலை இழுத்தால் வால்வு போய்விட்டது. கப்ளர் இல்லாமல் ஓட்டினால் செக் லைட் எரியலாம், பயப்பட வேண்டாம். பெல்ட், ஃபேன் பக்கம் கையும் துப்பட்டாவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதி செய்ய இன்னொரு வழி. அந்த ஹோஸை மடக்கிக் கிளாம்ப் போட்டுவிட்டுப் போய் டேங்கை நிரப்புங்கள். நிரப்பிய உடனே ஒரே செல்ஃபில் பிடித்து ஐடிலிங் நின்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. சோதனை முடிந்ததும் கிளாம்ப்பை எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டு ஓட்டினால் கரியில் சேருகிற ஆவி காலியாக வழியே இல்லாமல் போகும்.

ஐந்தாம் கியர் நண்பருக்கு: ஈ20-ஐப் பற்றிச் சொன்னது தப்பில்லை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் கவனிக்கவும் வேண்டும். ஆனால் எத்தனால் டேங்க் முழுக்க இருக்கிற பொருள், ஒரு கிலோமீட்டரில் காணாமல் போகாது.

---

வேளச்சேரி வாசி:

பட்டறை அண்ணன் சொன்ன நேரக்கணக்கு சத்தியமான வார்த்தை. எனக்கு நடந்தது மற்ற வகை, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த சமயம். தண்ணீர் நின்ற பகுதியில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டேன். வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. இரண்டு சிக்னல் தாண்டியதும் ஜெர்க் அடித்தது, பிக்கப் போனது, செக் லைட் மினுக்கியது. பி0300 என்று பல சிலிண்டர் மிஸ்ஃபயர். நின்று ஆற வைத்து எடுத்தாலும் அதே நிலைமை, மறுநாள் காலையிலும் அதேதான். மெக்கானிக் ஃபியூல் லைனிலிருந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஆட்டாமல் வைத்தார். கால் மணி நேரத்தில் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தனியாக ஒரு அடுக்கு நின்றது, மேலே பெட்ரோல். நடுவில் கோடு போட்டதுபோல் தெரிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான் என்று அவர் விளக்கினார். எனக்கு டேங்கை இறக்கிக் கழுவியதுதான் தீர்வு. ஃபில்டரும் மாற்ற வேண்டியிருந்தது.

உங்களுக்கு மறுநாள் நன்றாகப் பிடிக்கிறது என்றால் இது இல்லை. லைனிலிருந்து பெட்ரோல் பிடிப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், பிரஷரில் பீய்ச்சி அடிக்கும்.

---

நாசில் பிடிப்பவன்:

நான் பங்க்கில் வேலை பார்க்கிறேன், எங்கள் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன்.

நாசில் முனையில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். டேங்க் நிரம்பிப் பெட்ரோல் மேலேறி அந்த ஓட்டையை மூடினால் உள்ளே காற்று இழுப்பது நின்று 'டக்' என்று தானாக நிற்கும். அதற்கு மேலும் டேங்கில் கொஞ்சம் இடம் இருப்பது உண்மைதான். அது வெயிலில் பெட்ரோல் விரிவதற்கும் ஆவிக்கும் விட்டிருக்கிற இடம். அதையும் அழுத்தி நிரப்பினால் பெட்ரோல் ஆவி போகிற பைப்புக்குள் ஏறி, பட்டறை அண்ணன் சொன்ன கரி டப்பாவுக்குத் திரவமாகவே போய்விடும். கரி ஊறினால் கெட்டுப்போகும்.

ரவுண்டாக்குவது சில்லறைப் பிரச்சினையால் வந்த பழக்கம். இப்போது பாதிப் பேர் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள், 2,347 ரூபாய் என்றாலும் அப்படியே அனுப்பலாம். நாசில் தானாக நிற்பதைத்தான் கட் என்போம், "முதல் கட்டிலேயே நிறுத்திடுங்க" என்று முன்னாடியே சொல்லிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், காசு கிடையாது, கொடுத்தே ஆக வேண்டும். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். அடர்த்தியும் கேட்கலாம். அன்றைக்குக் குறித்து வைத்த அளவுக்கும் உங்கள் முன்னால் பார்க்கிற அளவுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ஆனால் தண்ணீரைக் கண்டுபிடிக்க ஃபில்டர் பேப்பர் பெரிதாக உதவாது. அதற்கு நாங்கள் கம்பியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பேஸ்ட் தடவித் தரைத் தொட்டியில் இறக்கிப் பார்ப்போம். கனமழைக்கு மறுநாள் போடுவதாக இருந்தால் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

---

உடுமலைக்காரி:

அண்ணா, நீங்கள் சொன்னதுதான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற தம்பியை வரச்சொல்லி இரண்டு பேருமாகப் பார்த்தோம். கப்ளரை உருவி, ஹோஸைக் கழற்றி, முனையில் விரல் வைத்ததும் வெடுக்கென்று இழுத்தது. விரலை அப்படியே வைத்து அடைத்தால் ஐடிலிங் மாறுகிறது, எடுத்தால் புஸ் என்று காற்று போகிற சத்தம். அந்தத் தம்பிக்கும் ஆச்சரியம், நாலு பேருக்குச் சொல்வேன் என்றான்.

அப்புறம் ஹோஸில் கிளாம்ப் போட்டுக்கொண்டு பழனி ரோடு பங்க்குக்குப் போய் நிரப்பினோம். வேண்டுமென்றே மத்தியான வெயிலில் போனோம். முதல் கட்டிலேயே நிறுத்தச் சொன்னேன், பையன் மறுபேச்சு இல்லாமல் நிறுத்திவிட்டான். சாவியைத் திருப்பினேன், அரை செல்ஃபில் பிடித்தது. முள் 750-இல் ஆடாமல் நின்றது. இத்தனை நாளாக அந்த நிமிஷத்தில் நெஞ்சு படபடக்கும், பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். அப்படியே கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வால்வைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் தட்டினோம். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக விழுந்தது. வால்வைக் கோவையில் சொல்லி வாங்கி மாட்டியாயிற்று. ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது, டேங்க் இறக்கக் கேட்டதில் கால்வாசி கூட இல்லை. அண்ணா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கறுப்புத் தூள் கேனிஸ்டரிலிருந்து வந்ததா? அதையும் மாற்ற வேண்டுமா?

---

சூலூர் பட்டறை:

ரொம்ப சந்தோஷம் அம்மணி. அந்தத் தூள் கேனிஸ்டர் கரிதான். நாசில் நண்பர் சொன்னதுபோல் திரவப் பெட்ரோல் போய் ஊறி, கரி உடைந்து ஹோஸ் வழியாக வந்திருக்கும். அதனால் புது வால்வு மாட்டியதோடு விட்டுவிட வேண்டாம், அதே தூள் வந்து புதுசையும் திறந்த நிலையில் நிறுத்திவிடும்.

அந்தத் தம்பியிடம் கேனிஸ்டரைக் கழற்றச் சொல்லுங்கள். சில வண்டியில் பானட்டுக்குள் இருக்கும், சில வண்டியில் டேங்க் பக்கம் அடியில் இருக்கும். பர்ஜ் ஹோஸ் மாட்டுகிற முனையைக் கீழே பிடித்துத் தட்டினால் கரித்துண்டு கொட்டுகிறதா, கையில் தூக்கினால் பெட்ரோல் தளும்புகிறதா என்று பார்க்கட்டும். இரண்டில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் கேனிஸ்டருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள ஹோஸைத் தனியாகக் கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினால் போதும். காற்றை ஹோஸில் மட்டும் அடிக்க வேண்டும், கேனிஸ்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டால் இருக்கிற கரியும் உடையும். அடுத்த சர்வீஸில் வால்வை ஒரு தடவை கழற்றித் தாளில் தட்டிப் பாருங்கள். தூள் வந்தால் கேனிஸ்டருக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம்.

பி0172-ஐ ஸ்கேனர் போட்டு அழித்துவிட்டு ஓட்டுங்கள். மறுபடி வராது என்றுதான் நினைக்கிறேன். வந்தால் டேங்க் ஃபுல்லாக இருக்கும்போது வந்ததா, பாதியில் வந்ததா என்று குறித்துக்கொண்டு இங்கேயே எழுதுங்கள், பார்க்கலாம். கிளாம்ப்பை எடுத்துவிட்டீர்கள்தானே? மறையூர் கிளம்புவதற்கு முன்னால் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.